சரிபாதியில் ஓர் ஆழ்துளைக் கிணறு

அரசும் தன்னார்வ அமைப்பும் கைகோத்தால் நாடு எவ்வளவு உயரும் என்பதற்கு, எருமப்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு காலனியே சாட்சி. கிணற்றுக்கான கூட்டம் நடந்தது தையிலா மாசியிலா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. பேச்சில் சிலவற்றை நானே பிற்பாடு கற்பனை செய்திருக்கலாம். தீர்மானத்தை எழுதியவன் நான் என்பது மட்டும் நிச்சயம். ஊராட்சி எழுத்தருக்கு அது கடமை.

காலனியில் தண்ணீர் இல்லை. பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் குழாயைத் திறப்பார். அங்கே வேலை செய்யும் காலனிப் பெண் ஆராயிக்கு முழங்கால் போய்விட்டது. ஆனாலும் முட்டை எடுக்கும் வேலையை விட முடியாது. விட்டால் தண்ணீரையும் விட வேண்டும். ஆகவே ஓர் ஆழ்துளைக் கிணறு 'கூட்டு முயற்சி'யாக அறிவிக்கப்பட்டது.

உதவிப் பொறியாளர் இளஞ்செழியன் நிலத்தடி நீர் காட்டும் கருவி வைத்துப் பார்த்து, வேப்பமரத்தடியில் ஒரு முளை அடித்தார். தொண்டு நிறுவன இயக்குநர் உஷாராணி அழைத்து வந்த நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். அறுபதடி தள்ளி அது எழுந்து நின்றது. அங்கே இன்னொரு முளை.

"அறிவியல விட முடியாதுங்க மேடம்," என்றார் இளஞ்செழியன்.

"மரபறிவ விட்டுட்டா எங்க பங்களிப்புதான் என்னங்க சார்?" என்றார் உஷாராணி.

 இருவரும் அவரவர் முளையைப் பார்த்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முடிவில் இருவரும் ஒரே நேரத்தில் பெருந்தன்மை அடைந்தார்கள்: சரியாக நடுவில் தோண்டுவது. டேப் பிடித்து முப்பதாவது அடியில் குறி வைத்தோம். எந்தத் தரப்புக்கும் ஓர் அங்குலம் கூடுதலில்லை.

ஆராயி மட்டும் கேட்டார்: "ஏனுங்க சாமி, ஒருத்தரு தண்ணி அங்கன்றாரு, ஒருத்தரு இங்கன்றாங்க. நடுவால இருக்குதுன்னு ஆருஞ் சொல்லலீங்களே?"

"அம்மா, இது ஒற்றுமைங்க," என்றார் இளஞ்செழியன்.

"ஒத்துமையக் கொடத்துல புடிக்க முடியுங்களா?"

'பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

ரிக் வண்டி ஆயிரத்து இருநூறு அடி துளைத்தது. மாவு போலத் தூசி வந்தது. இரு தரப்பினர் தலையிலும் சமமாகப் படிந்தது.

இளஞ்செழியன் பதவி உயர்வு பெற்றுச் சேலம் போனார். உஷாராணி 'சமபங்குக் கூட்டாண்மை' பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறார். தோல்விக்குக் காரணமாக இறுதி அறிக்கையில் ஒரே வரிதான்: 'மக்களின் ஒத்துழைப்பு போதவில்லை.' அதை எழுதியவனும் நானே. மக்கள் சார்பில் ஆராயி கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. இன்றும் அவர் முட்டை எடுக்கப் போகிறார், கையில் குடத்தோடு.