ராட்டினத்துக்கு மூடுவிழா

அன்பும் பொறுமையும் உள்ள மைத்துனர் அன்பரசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வள்ளியம்மையின் கணவன் தியாகராசன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் மஸ்கட்டில் நலமாக இருக்க வேண்டும். இங்கு நலம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆகவே கடிதம்.

உங்கள் அப்பா நீடாமங்கலத்துப் பக்கம் ஏரிக்கரையில் ஆரம்பித்த சிறுவர் பூங்காவை மூடிவிட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள். அவர் முதலில் வைத்த மர ராட்டினம் உங்களுக்கு நினைவிருக்கும். சாமி வாகனம் செய்கிற ஆசாரியிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். ஆசாரி குதிரையோடு ரிஷபம், மயில், யாளி என்று செய்து கொடுக்க, ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே தவிர, பிள்ளைகளை ஏற்றவில்லை. அதைக் கரையான் தின்றது. அடுத்து வந்தது தகரக் குதிரை ராட்டினம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினில் ஓடும். நாற்று காய்ந்தால் இன்ஜின் வயலுக்குப் போய்விடும், பிள்ளைகள் நிற்கிற குதிரையில் உட்கார்ந்து அழுவார்கள். மூன்றாவதாக நான் வாங்கிய பைபர் குதிரைகளைப் புயல் தூக்கிப்போனது. ஒன்று மட்டும் செல்லதுரை வயலில் கிடந்தது. கேட்கப் போனால், "காவலுக்கு நிக்கிதுங்க, ஒரு குருவி வரமாட்டேங்குது, இருக்கட்டும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுபடியும் தகரக் குதிரைகளுக்கே பெயின்ட் அடித்தோம். ஏரியிலும் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது. படகில் ஆடுகள் ஏறி மேய்கின்றன. யாரும் வருவதில்லை மச்சான், சில நாள் நானும் ஆபரேட்டர் ஹாஜா மைதீனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருப்போம்.

சரி, மரியாதையாக மூடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா வைத்தேன். வார்டு உறுப்பினர் சிங்காரவேலு மாலையும் சால்வையுமாகக் குதிரையில் ஏறினார். ஹாஜா இன்ஜினை முடுக்கினார். இரண்டு சுற்று அழகாகப் போனது. மூன்றாவது சுற்றில் ஹாஜா என்னிடம் ஓடி வந்தார். கையில் ஒரு கம்பி.

"ஐயா, நிறுத்துற கம்பி கையோட வந்துருச்சி."

"அப்ப எப்படிய்யா நிக்கும்?"

"டீசல் தீந்தா நிக்கும். காலையிலதான் ரொப்புனேன்."

உறுப்பினர் ஒவ்வொரு முறை எங்களைக் கடக்கும்போதும் ஒரு சொல்தான் கேட்டது. "யோவ்!" என்றார். அடுத்த சுற்றில் "தியாகராசா!" என்றார். அதற்கடுத்து அவர் சொன்னதைப் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் எழுதக்கூடாது. வள்ளியம்மை மட்டும் பதறாமல், "கழுத்தைக் கெட்டியாப் புடிச்சிக்கங்க, கீழ பாக்காதீங்க" என்று கூடவே நடந்து கொண்டிருந்தாள். ஒரு வழியாக டீசல் தீர்ந்தது. இறங்கியவர் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் நடந்துபோனார்.

எல்லாரும் போன பிறகு வள்ளியம்மை ஒரு குதிரையில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஏறி நான் பார்த்ததில்லை. "அப்பா செத்த அன்னிக்குக்கூட இத நிறுத்தலங்க" என்றாள். நானும் ஹாஜாவும் ஆளுக்கொரு பக்கம் கையால் தள்ளினோம். ஒரே ஒரு சுற்று. அவள் அழுதது சத்தமில்லாமல்தான். ஆனால் எனக்குக் கேட்டது. உங்கள் அப்பா நம்பி ஒப்படைத்ததை என்னால் காப்பாற்ற முடியவில்லை மச்சான்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல ஜீரணமும் கிடைக்க அந்த வேளாங்கண்ணி மாதாவையும் நம் குலதெய்வத்தையும் வேண்டும்,
தியாகராசன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. உறுப்பினர் சுற்றியதை யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்ப, திருவையாற்றிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வள்ளியம்மை வாசலில் 'இன்று கடைசி நாள்' என்று பலகை மாட்டியிருக்கிறாள். நேற்றும் அதே பலகைதான். எப்போது எடுப்பாய் என்று கேட்டேன். "பொங்கல் வரைக்கும் கடைசி நாள்தாங்க, போயி டீசல் வாங்கிட்டு வாங்க" என்கிறாள்.