ஏசி நீரில் ஒரு காடு

மாந்தருள் ஓரினம் உண்டு: பாலையில் கால் வைத்த மறுநாளே அதை முல்லையாக்கப் புறப்படுவோர். வளைகுடாவில் எந்தக் கட்டடத்தையும் அண்ணாந்து பாருங்கள். பால்மா டப்பாவில் கறிவேப்பிலை, பெயிண்ட் வாளியில் முருங்கை, அவற்றின்மேல், இலிங்கத் திருமேனிக்குத் தாராபாத்திரம் கட்டியதுபோல், சொட்டுச் சொட்டாய்ப் பொழியும் ஏசிக் குழாய். வாளியருகே குந்தியிருப்பவரே நம் தலைவர்.

கறிவேப்பிலை இவர்களுக்கு அரிச்சுவடி மட்டுமே. ஷார்ஜா தொழில்பேட்டை வெல்டர் செல்வசிங் மேற்படிப்பும் முடித்தவர். எண்பத்து நாலில், சைட்டின் அமெரிக்க எஞ்சினீயர் லீவிலிருந்து திரும்புகையில் ஈரத்தாளில் சுற்றி ஒரு வேர் கொணர்ந்து கொடுத்தார். கடலோரத்து மழைக்காட்டில், பைன் மரங்களின் காலடியில் பூக்கும் மஞ்சள் காட்டுப்பூவாம். தண்டு மாய்ந்தாலும் வேர் மாயாது ஆண்டுதோறும் எழுமாம். ஷார்ஜாவில் கடல் உண்டு. காடும் மழையும்தானே குறை? சரக்கு வந்த பைன் பலகைப் பெட்டியை உடைத்துத் தூளாக்கி வாளியில் நிரப்பினார், காடு ஆயிற்று. ஏசிக் குழாயின் நுனியை அறைக்குள் திருப்பி, சன்னலோரம் அதனடியில் வைத்தார், மழை ஆயிற்று.

இரண்டு மொட்டு வந்ததோ ஜனவரியில். ஊரே ஏசியை அணைத்துவிட்ட குளிர்காலம். செல்வசிங் அணைக்கவில்லை.

"அண்ணை, வெளியில குளிர், உள்ளுக்க ஏசி. நாங்கள் என்ன, ஐஸ்பெட்டியில வைச்ச மீனோ?" மூன்று கம்பளிகளுக்குள்ளிருந்து கேட்டார் அறைத்தோழர் கதிர்காமு.

"பைப்புத் தண்ணி உப்பு தம்பி. ஒரு கிளாஸ் விட்டா மொட்டு கருகிப்போவும்."

"நாங்கள் விறைச்சுச் செத்தாப் பரவாயில்லையோ?"

"நீ வேற ரூம் பாத்துக்கிடலாம். அது எங்க போவும்?"

பூ அவிழுமுன் செல்வசிங்கின் லீவு வந்துவிட்டது. மகள் திருமணம்; தள்ளிப்போட இயலுமா? வாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே விமானம் ஏறினார்.

"இண்டையோட ஏசி கலாஸ்" என்று சபதமிட்டு அணைத்தார் கதிர்காமு. மறுநாள் காலை, பல் துலக்கப் போனவர் சும்மா எட்டிப் பார்த்தார். மொட்டு இரண்டும் தலை சாய்ந்திருந்தன.

முப்பது நாள் கழித்துச் செல்வசிங் கதவைத் திறந்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. குரங்குக் குல்லாயும் கோட்டும் அணிந்து வாளியருகே குந்தியிருந்த கதிர்காமு திரும்பாமலே சொன்னார்:

"கதவைச் சாத்துங்கோ அண்ணை, மணற்காத்து வருது. ஒண்டு விரிஞ்சிட்டுது. மற்றது நாளைக்கு."

வாசகரே, சிரிக்கிறீர்கள். நன்று. உங்கள் ஏசிக் குழாயின் கீழும் ஒரு வாளி இருக்கிறதே, தரை நனையாதிருக்கத்தானே வைத்தீர்கள்? பிறகு அதில் மண் எதற்கு?