எழவூட்டு மாமா சொல்லிக்கொண்டு போனதில்லை

கருமத்தம்பட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் செத்தாலும், எழவூட்டு மாமா வந்து சேருகிறவரை அவர் செத்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூச்சு நின்றிருக்கும். டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்திருப்பார். ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியிருக்கும். இருந்தாலும் பெண்டுகள் பாதி அழுகையை நிறுத்தி வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார்கள். மொபெட் ஒன்று வந்து நிற்கும். முன்னால் கால் வைக்கிற இடத்திலிருந்து மூன்று கால் நாய் ஒன்று இறங்கும். பின்னாலேயே வெள்ளை வேட்டியோடு அவரும் இறங்குவார். சரி, போன ஆள் போனதுதான் என்று மீதி அழுகையையும் அழுது முடிப்பார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஒரு வழியில் தாய்மாமன் முறை. எங்கள் வீதியில் கடைசி வீடு அவருடையது. ஒரு காலத்தில் தறி ஓட்டினார். முழங்கால் வலி வந்ததும் தறிகளை விற்றுவிட்டு, துக்கம் கேட்கப் போவதையே வேலையாக வைத்துக்கொண்டார். பெண்டாட்டி சின்ன வயசிலேயே போய்விட்டாள். பிள்ளை இல்லை. இருந்தது டைகர் ஒன்றுதான்.

டைகர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொள்கிற வீரன் அது. ஒரு காலை அவிநாசி ரோட்டில் ஏதோ ஒரு கார் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் அறிவு என்றால் அப்படி ஓர் அறிவு. மாமா லுங்கியோடு பால் வாங்கக் கிளம்பினால் தலையைக்கூடத் தூக்காது. கொடியிலிருந்து வெள்ளை வேட்டியை உருவினால் போதும், நொண்டி நொண்டி ஓடிப்போய் மொபெட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எழவு வீட்டில் பந்தலுக்கு வெளியே முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கும். யார் இலையையும் மோந்து பார்க்காது. எங்கள் சொந்தக்காரர் சிலருக்கு இல்லாத அடக்கம் அதற்கு இருந்தது. யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

துக்க வீட்டில் போய் இரண்டு கையையும் நீட்டி நின்றால், வீட்டுக்காரர் வந்து அந்தக் கையைத் தொட வேண்டும். அது ஆண்கள் முறை. அப்புறம் பேசாமல் உட்கார வேண்டும். கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமா அதற்குக் காவல்காரர் மாதிரி இருந்தார். சங்கடமே அங்கேதான்.

ஆர்.எஸ்.புரத்தில் என் நாத்தனாருடைய மாமியார் தவறிப்போனார். பெரிய வீடு. வாசலில் செருப்பு வைக்கவே ஒரு அலமாரி. பெங்களூரில் வளர்ந்த பெண்ணொருத்தி நாத்தனாருக்குப் புது மருமகளாக வந்திருந்தாள். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. மாமா எழுந்து வாசலைத் தாண்டும்போது, ஓடிப்போய், "போயிட்டு வாங்க மாமா" என்றாள்.

மாமா போட்ட செருப்பைக் கழற்றினார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மணி, இப்ப நீ வரச் சொல்லிப்போட்டே. பெரிய ஊட்டுப் புள்ள சொல்லைத் தட்ட முடியுங்களா? மறுக்கா வந்துதான் தீரோணும். ஆனா ஒண்ணு சொல்லிப்போடு கண்ணு. மறுக்கா வந்து ஆரப் பாக்க?"

செத்துப்போன அம்மாவின் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து அதுவரை இருமிக்கொண்டிருந்தார். பாவம், வந்த இருமலை அப்படியே விழுங்கிக்கொண்டார். அந்தப் பெண் விழுந்து விழுந்து அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள், ஆகா, மாமியாருடைய மாமியார்மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்று கேளுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியாத்தா படுக்கையில் விழுந்து பல மாதம் ஆகியிருந்தது. பால் ஊற்றுகிற கட்டம் வந்துவிட்டது என்று மகள்களையெல்லாம் வரவழைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்தா மாமாவின் மொபெட் அந்த வீட்டு வாசலில் பஞ்சர் ஆக வேண்டும்? அவர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார். இறங்கி டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பெரியாத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"ஆருடா அது? எழவூட்டானா? அதுக்குள்ள வந்துட்டயா?"

கிழவி எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசல் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

மாமா கும்பிட்டார். "வண்டி பஞ்சருங்காத்தா. உங்களப் பாக்க வரலீங்க."

"நான் ஒண்ணும் இன்னும் போவுலடா! போடா அக்கட்டால!"

டைகர் முதலில் ஓடியது. மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடினார். அன்றைக்கு மத்தியானம் பெரியாத்தா ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேத்தி கல்யாணம் பார்த்துவிட்டுத்தான் போனார். மருமகள்கள் இன்றைக்கும் மாமாவை ஏசுகிறார்கள்.

எழவுக்குப் போய்ப் போய் அந்த மனிதருக்கு முகமே அப்படி ஆகிவிட்டது. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினார்கள். எங்கள் வீட்டுச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டவர்கள் வேறெங்கும் கை நனைக்க மாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா வந்தார். நேராகச் சம்பந்தியின் முன்னால் போய், முகத்தைத் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சம்பந்தி தன்னை அறியாமல் எழுந்து கையைத் தொட்டுவிட்டார். அப்புறம் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங் சம்பந்தி, மறைக்காமச் சொல்லுங்க. உங்க பக்கம் ஆராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். மாமா சாப்பிட்டு முடித்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இனி நல்ல காரியத்துக்கு அந்த மனுசனைக் கூப்புடக் கூடாது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். சொந்தத்தில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம், காதுகுத்து, புது வீடு எதற்கும் மாமாவுக்குப் பத்திரிகை போகவில்லை. மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லதுக்கு ஆளா இல்லீங்க அம்மணி? பிரியாணி போட்டா ஊரே வரும்" என்பார்.

போன தையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் காப்பி கேட்டார். கொண்டுவந்து வைப்பதற்குள் போய்விட்டார். மகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் வந்து நின்றது அந்த மொபெட்தான். பந்தல்காரனுக்குச் சொன்னார். ஐஸ் பெட்டிக்குச் சொன்னார். என் மகனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் முடிந்து ஊர் கலைந்த பிறகு, சொல்லாமல் போனார். மறுநாள் காலை வந்து உட்கார்ந்தார். கருமாதி வரை தினமும் வந்தார், தினமும் சொல்லாமலே போனார். பேசவும் மாட்டார். டைகர் மட்டும் என் வீட்டுக்காரருடைய சாய்வு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உயிரோடு இருந்தபோது கிட்ட வந்தால் செருப்பை எடுப்பார் அவர். அந்த நாய் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த ஆடியில் டைகர் செத்துப்போயிற்று. வயசுதான். காலையில் மாமா வேட்டியை உருவியிருக்கிறார். அது எழுந்திருக்கவில்லை.

பால் வாங்கப் போன என் மகன் திரும்பி வந்து சொன்னான்.

"அம்மா, மாமா வாசல்ல சேர் போட்டிருக்காரு."

"என்ன சேரு?"

"வாடகைச் சேருதான். எழவுக்குப் போடறாப்பல வரிசையாப் போட்டுட்டு, வெள்ளை வேட்டி கட்டிட்டு ஒத்தையில உக்காந்திருக்காரு. கேட்டா டைகர் தவறிட்டாங்கறாரு."

எட்டிப் பார்த்தேன். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. வீதியில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. போகிற வருகிறவர்கள் நின்று, "ஏனுங் மாமா, ஆருங்க?" என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருவன் வண்டியை நிறுத்தாமலே, "எழவூட்டுக்கே எழவு!" என்று கத்திவிட்டுப் போனான். வீதிக்காரர்கள் வாட்ஸப்பில் டைகர் படத்தைப் போட்டுக் கும்பிட்டிருந்தார்களாம். மகன் காட்டினான். அழுகிற பொம்மை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வாசலுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

நான் நரைத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். சோறும் ரசமும் வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டேன். எழவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா.

"அம்மா, நாய்க்குத் துக்கம் கேக்கப் போறீங்களா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கறவன் ஊட்டு எழவுல எல்லாம் அந்த மனுசன் உக்காந்திருந்தாரு. உங்கப்பன் எழவுலயும் உக்காந்திருந்தாரு. நீ தூக்குப்போசியப் புடிச்சிட்டுப் பின்னால வா."

போனேன். டைகரை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி முருங்கை மரத்தடியில் வைத்திருந்தார். குழி வெட்டியாகிவிட்டது. யாராவது வரட்டும் என்று காத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஆண்பிள்ளை என்று வந்தவன் என் மகன் ஒருவன், அவனும் தூக்குப்போசியோடு வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றான், முறையை யார் செய்வது? இந்த வயசில் எனக்கென்ன. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

மாமாவும் இரண்டு கையையும் நீட்டினார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். யார் யார் கையைத் தொடுவது? ஊர் எழவுக்கெல்லாம் முறை சொல்கிறவர் முழித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகனுக்கும் வந்திருக்கும், எங்கோ பார்த்துக்கொண்டான்.

"மாமா, இன்னைக்கு நீங்க தொடோணுமுங்க. நான்தான் கேக்க வந்தவ."

"அப்படீங்களா?" என்றார். கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இக்கட்டால, கை தொடற பக்கம் இருந்து பழக்கமில்லீங்க அம்மணி. என்ற ஊட்டுக்காரி போனப்ப, கெணத்துப் பங்குத் தகராறுன்னு சொந்தம் ஒருத்தரும் வரல. சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். தறிக்காரப் பசங்கதான் வந்து தூக்குனாங்க. அதனால இப்படி வந்து நின்னா என்ன பண்றதுன்னே தெரியாமப் போச்சு."

எனக்கு வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இத்தனை வருசம் ஒரு வீட்டு வாசல் விடாமல் அந்த மனிதர் போய் உட்கார்ந்தது எதனால் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மாமா என் கையைத் தொட்டார். கை ஜில்லென்று இருந்தது.

டைகரை என் மகன் இறக்கி வைத்தான். மண் தள்ளினோம். சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிடும்போது ஒரு கவளத்தை உருட்டி இலையோரம் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் எடுத்துச் சாப்பிட்டார். வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தோம். வேறு யாரும் வரவில்லை.

எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது மாமா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்.எஸ்.புரத்து மருமகளைப் பார்த்தாரே, அதே பார்வை. முறை தவறாமல் போகிறாளா என்று பார்க்கிறார்.

நான் திரும்பி நின்று சொன்னேன்.

"வாரேனுங்க மாமா. நாளைக்கும் வாரேன்."

பதறிப்போய் எழுந்துவிட்டார். "அம்மணி! எழவூட்டுல அப்படிச் சொல்லப்படாதுன்னு தெரியாதா? இனி இந்த ஊட்டுல ஆரு இருக்கறாங்க? மறுக்கா வந்து ஆரப் பாக்க?"

"உங்களத்தானுங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் தூக்குப்போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றான்.

சொன்ன மாதிரி தினமும் போகிறேன். ரசமோ மோரோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது சொல்லிவிட்டே கிளம்புகிறேன். அவரும் தினமும், "முறை தெரியாத பொம்பளை" என்று வீதி முழுக்கக் கேட்கும்படி ஏசுகிறார். அந்த ஏச்சைக் கேட்டுவிட்டு வந்தால்தான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்குகிறது.