ரிப்போர்ட்டைக் கொடுங்கள், நான் பார்க்கிறேன்

வீட்டின் முதல் பட்டதாரி என்றோர் இனம் இருக்கிறது. அடியேனும் அதில் சேர்த்தி. அவன் என்ன படித்தான் என்பது வீட்டில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் பெரியப்பாவின் சர்க்கரை, அத்தையின் கொழுப்பு, பக்கத்து வீட்டுக்காரருடைய மாமியாரின் தைராய்டு வரை எல்லா ரத்தப் பரிசோதனைத் தாள்களும் அவன் கைக்கு வந்தாக வேண்டும். வாங்குவான், வெளிச்சத்தில் பிடிப்பான், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வான், "ம்ம்" என்பான். அந்த "ம்ம்"முக்கு என்ன அர்த்தம்? அவனுக்கே தெரியாது.

என் கதை இன்னும் மோசம். நான் வேலை பார்ப்பதே ரத்த ஆய்வுக்கூடத்தில். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கெட்டுப்போனால் ரத்தத்தில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று எங்கள் கூடம் தேடுகிறது. தேடுகிறவர்கள் பெரியவர்கள், குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன் நான். இந்த விவரத்தை வீட்டில் சொல்லவில்லை.

பெயிண்டராக வேலை செய்யும் அப்பா முதுகு வலிக்கிறது என்றார். பெருந்தமனியில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நான் விடுவேனா? அப்பாவின் ரத்தத்தை எடுத்து, ஆய்வுக் குழாய்களோடு குழாயாக மெஷினில் வைத்து ஓட்டினேன். எங்கள் கூடம் தேடும் தடயத்தின் எண் குறைவாக வந்தது.

"ஸ்கேன் எல்லாம் வேணாம்ப்பா. ரத்தத்துல ஒண்ணுமில்ல."

"பையனே சொல்லிட்டான்" என்று அப்பா மறுநாள் ஏணியில் ஏறிவிட்டார்.

அக்காதான் மசியவில்லை. "உன் எண்ணு கெடக்கட்டும்டா. எங்க வலிக்குதுன்னு அவரைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அவளே அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் பெருந்தமனி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாமாம்.

"வீக்கம் ரத்தத்துல தெரியணும்னு கட்டாயம் இல்லையே தம்பி" என்றார் டாக்டர். "வலி எத்தனை நாளா?"

நான் மெஷின் காட்டிய எண்ணைச் சொன்னேன். அக்கா நாள் கணக்கைச் சொன்னாள்.

அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் முன், அப்பா படுக்கையிலிருந்தே ஒரு புது ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார்.

"இதையும் நீ ஒருதடவை பாத்துச் சொல்லிடுப்பா. எனக்குத் தைரியமா இருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை மடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "பயமா இருக்காப்பா?"

"ஆமாண்டா" என்றார். எந்தத் தாளிலும் அது இல்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார், என் புண்ணியத்தால் அல்ல.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் கடைசியாக யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர் வாய் திறப்பதற்குள் "ரிப்போர்ட் எங்க?" என்று ஒரு கை நீண்டதே, அது யாருடைய கை?