மிஷ்மிஷாவின் மகள்

கெய்ரோவின் கூடாரக்காரர் தெருவில் அன்று கணினிகளுக்கு மந்திரிக்கும் நாள். ஆமாம், கணினிகளுக்குத்தான். ஒருவர் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இன்னொருவர் தன் பழைய பெட்டியைக் கைவண்டியில் ஏற்றி, மேலே கம்பளி போர்த்திக் கொண்டுவந்திருந்தார். காய்ச்சலாம்!

மந்திரவாதி உஸ்தாத் தந்தராவி புகைச்சட்டியைச் சுழற்றினார்.

"வைரஸ்னு படிச்சவன் சொல்றான். ஜின்னுன்னு நான் சொல்றேன். வைரஸைக் கண்ணால பார்த்தவன் யாராச்சும் இருக்கானா?"

ஒருவரும் பார்த்ததில்லை. ஆகவே அது ஜின்தான். என்ன அழகான தர்க்கம்!

தாயத்து எழுத அம்மா பெயர் வேண்டும். அப்பா பெயர் செல்லாது. ஆனால் அந்தத் தெரு ஆண்பிள்ளைகள் கழுத்தை அறுத்தாலும் அம்மா பெயரை நாலு பேர் முன்னால் சொல்லமாட்டார்கள். மானக்கேடு. அதனால் ஒவ்வொருவராகக் குனிந்து உஸ்தாத்தின் காதுக்குள் சொன்னார்கள். மானம் காப்பாற்றப்பட்டது.

சஃபினாஸ் தன் கடை வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிமேல் துணி வைத்துத் தைக்கும் பந்தல் திரைகளுக்கு வடிவம் வரைவதும், மெயில் பார்ப்பதும் அவள் வேலை. வெட்டுவது கணவன் பயூமி. ஒரு ஓட்டலின் ரமலான் பந்தல் வேலை முழுவதும் இவர்களிடம் வந்திருந்தது. அது கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"என்னங்க, பக்கத்துக் கடை ஸக்லூல் அண்ணன் தாயத்து கட்டின மறுநாளே அவரு மெயில் பூட்டிக்கிச்சு. திறக்கறதுக்கு உஸ்தாத் தனியா காசு வாங்கினாரு. அதுவரைக்கும் ஜின்னுக்கு விலாசம் தெரியலையாமா?"

"வாயை அடக்குடி. நம்ம மெயில் போச்சுன்னா ஓட்டல்காரனுக்கு நீயா பதில் சொல்லுவே? உஸ்தாத்தை வரச் சொல்லிட்டேன். மெயில் உன் பேர்ல இருக்கு, உங்கம்மா பேரைச் சொல்லிடு."

சஃபினாஸ் யோசித்தாள். மெயிலின் நுழைவுப் பக்கத்துக்குப் போய், 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பதைத் தட்டினாள். திரை பணிவாகக் கேட்டது: 'உங்கள் அம்மாவின் பெயர் என்ன?'

அட, உஸ்தாத் காதை நீட்டிக் கேட்பதும் இதைத்தானே! பிறகு விறுவிறுவென்று வேலை நடந்தது. ஓட்டல் கடிதங்களெல்லாம் புதிய மெயிலுக்குப் போயின. பழைய மெயிலின் கேள்விக்கு ஹிக்மத் என்று தன் அம்மா பெயர் விடையாக இருந்ததை அழித்தாள். துணிமூட்டைமேல் கடையின் செம்பட்டைப் பூனை மிஷ்மிஷா கொட்டாவி விட்டது. சஃபினாஸ் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை அடித்தாள்.

உஸ்தாத் வந்தார். சர்க்கரை தூக்கலாக டீ குடித்தார். காதை நீட்டினார்.

"மிஷ்மிஷா," என்றாள் சஃபினாஸ் பயபக்தியோடு.

"மங்களமான பேரும்மா!"

மறுநாள் காலை மெயில் பூட்டிக்கொண்டது.

பயூமி தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். உஸ்தாத் வந்தார், பின்னாலேயே தெரு முழுக்க வந்தது.

"பெரிய ஜின்!" சட்டி புகைந்தது. "மிஷ்மிஷாவின் மகள் சஃபினாஸின் பெட்டியை விட்டு இறங்கு!"

ஸக்லூலின் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. "யாரோட மகளு? உஸ்தாத், அது அவங்க பூனை!"

மூட்டைமேலிருந்த மிஷ்மிஷா தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மகள் விவகாரத்தில் தலையிட விருப்பமில்லை போலும்.

"பொய்ப் பேரைச் சொன்னா ஜின் நுழையாம என்ன செய்யும்?" உஸ்தாத் சீறினார்.

"அதேதான் உஸ்தாத் நானும் கேக்கறேன். இந்தப் பேரைச் சொன்னாத்தான் பூட்டு திறக்கும்னு மாத்தி வச்சேன். நான் சொன்னது உங்க காதுல மட்டும். ஜின்னுக்கு யாரு சொன்னா?"

"ஏய், பெரியவர்கிட்ட மரியாதையாப் பேசு!" பயூமி அதட்டினான்.

"மரியாதையாவே பேசறேங்க. எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடாம நில்லுங்க. பூட்டின மெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பறேன். ஜின் எங்க உக்காந்திருக்குன்னு அதுவே சொல்லும்."

கைபேசியில் தட்டினாள்.

டிங்!

சத்தம் உஸ்தாத்தின் அங்கிக்குள்ளிருந்து வந்தது.

"வயித்துக் கோளாறு," என்றார் உஸ்தாத்.

பயூமி மெதுவாக மனைவியின் கைபேசியை வாங்கினான். தானே ஒரு முறை அனுப்பினான். டிங்! ஸக்லூலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அங்கிப் பைக்குள் கைவிட்டு ஜின்னை வெளியே இழுத்தார். புத்தம் புதிய கைபேசி. திரையில் சஃபினாஸின் மெயில், அதில் அவள் அனுப்பிய கடிதம்: 'மியாவ்.'

உஸ்தாத் ஓடினார். கம்பளி போர்த்திய கைவண்டி குறுக்கே நின்றது. விழுந்தார். போலீஸ் வரும்வரை ஸக்லூல் அவர்மேல் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் பந்தல் வடிவத்துக்கு ஓட்டலின் சம்மதம் புதிய மெயிலில் வந்தது. பயூமி கத்தரிக்கோலை எடுத்தபோது ஸக்லூல் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"தங்கச்சி, இவன் திருடன், சரி. நல்ல உஸ்தாத் யாராச்சும் தெரியுமா?"

சஃபினாஸ் அவரை உட்காரவைத்தாள். "முதல்ல பூட்டை மாத்துங்கண்ணே. பெத்த அம்மா பேரை நாலு பேர் முன்னாடி சொல்லத்தான் உங்களுக்கெல்லாம் வெக்கம். திருடன் காதுல சொல்ல வெக்கமே இல்ல. அடுத்த தடவை ஒருத்தன் காதை நீட்டினா, பேரைச் சொல்லாதீங்க. எதுக்குடான்னு கேளுங்க."