இருபத்து மூன்றாம் கேள்வியில் ஒரு கூட்டல் குறி

மேற்கு மாம்பலம்,
புதன்கிழமை, கடையில் ஆள் இல்லாத மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய கணக்கு ஆசிரியர் சுப்புராயன் சார் அவர்களுக்கு, தங்கள் டியூஷன் சென்டருக்கு ஒன்பது வருடமாகக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கும் ஜவஹர் ஜெராக்ஸ் அண்டு டிடிபி உரிமையாளனும், தங்களிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு படிக்கும் கீர்த்தியின் தகப்பனுமாகிய ஜவஹர் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டில் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, ஆகையால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் பேச எழுந்தபோது நாற்காலியும் அவரோடு எழுந்ததே, அது நான்தான். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி சார், உட்காரும்போது ஒழுங்காகத்தான் இருந்தது, நடுவில் தாங்கள் கொடுத்த சமோசா ஒன்றே ஒன்று சாப்பிட்டேன், எழுந்தபோது விடமாட்டேன் என்றது. பின்வரிசையில் யாரோ, "மாமா, சேரை இங்கயே வச்சுட்டுப் பேசு, வூட்டுக்குத் தூக்கிக்கினு போயிடாத" என்றார். சிரிப்பு அடங்கியதும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அதற்குச் சற்று முன்புதான் தாங்கள் பெயர் சொல்லாமல், "ஒரு நல்ல ஸ்டூடன்ட், மைனஸை ப்ளஸ்னு படிச்சு அஞ்சு மார்க்கை விட்டுட்டா. ஃப்ரீ பேட்ச்சுக்குத் தொண்ணூறு வேணும், எண்பத்தெட்டுல நிக்கிறா. தமிழ் மீடியத்துல மத்த பத்துப் பேரும் கரெக்டா போட்டிருக்காங்க" என்று சொல்லியிருந்தீர்கள். அந்த எண்பத்தெட்டு என் மகள் என்பது எனக்குத் தெரியும், விடைத்தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் அந்த இலவச வகுப்பில் இடமில்லை என்றால் அவள் பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு எடுத்தும் பயனில்லை, வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது. காசு கட்டிச் சேரும் வகுப்பின் கட்டணம் எனக்குத் தெரியும், அந்த நோட்டீஸை அடித்ததே நான்தான். அந்த ஆத்திரத்தில் நாற்காலியை இடுப்பிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசினேன்.

பேசியது தங்களுக்கு நினைவிருக்கும், எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. "மைனஸ்னா இன்னா சார்? ஒரு கோடு. அந்த ஒரு கோட்டைப் பார்க்காத பிள்ளை நாளைக்கு எதைப் பார்க்கப் போவுது? நான் பத்தாவதுதான் படிச்சவன். கணக்குல முப்பத்தஞ்சு. ஆனா இந்தக் கை இருபத்திரண்டு வருஷமா லட்சக்கணக்குல கோடு அடிச்சிருக்கு, ஒண்ணு தப்பினதில்ல!" என்று கையை வேறு தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கீர்த்தியைப் பார்த்தேன், அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். துரைசாமி சப்வே வழியாக நடந்து வரும்போது என் மனைவி சந்திரிகா மட்டும், "மைக் கையில கெடைச்சா போதுமே உங்களுக்கு. பொண்ணு தலை நிமிரல, பாத்தீங்களா?" என்றாள். நான், "நிமிரக்கூடாதுன்னுதானே பேசினேன்" என்றேன். இன்றைக்கு அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்க என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலையாக, அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, அவள் படிக்கிற மேஜைக்கு நேராகச் சுவரில் ஒட்டுவது என்று முடிவு செய்தேன். ஆயுசுக்கும் அவள் அந்தக் கழித்தல் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் திட்டம். தங்கள் தமிழ் மீடியம் கேள்வித்தாளின் ஃபைலைத் திறந்து, இருபத்து மூன்றாம் கேள்வியை மட்டும் எடுத்து, எழுபத்திரண்டு பாயிண்டில் வைத்துப் பிரிண்ட் கொடுத்தேன். தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதலில் x², பிறகு ஒரு கூட்டல், பிறகு 4x, பிறகு, சார், இன்னொரு கூட்டல். கோயில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. பிறகு 5. மெஷினில்தான் கோளாறு என்று இன்னொரு தடவை எடுத்தேன். அதிலும் கூட்டல். பிறகு, தாங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன், உண்மையைச் சொல்வதென்றால் தங்கள் கையெழுத்தின் மேல் பழி போடலாம் என்ற ஆசையில். ஜாதகம் பார்க்கிற பூதக்கண்ணாடியைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். தாங்கள் எழுதியிருப்பது சுத்தமான கழித்தல், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. இங்கிலீஷ் மீடியம் தாளிலும் கழித்தல்தான் அடித்திருக்கிறேன். கீபோர்டில் கழித்தலுக்கு அடுத்த வீடு கூட்டல், தமிழ்த் தாள் அடிக்கும்போது விரல் வீடு மாறிப் போய்விட்டது. என் மகள் தப்பாகப் படிக்கவில்லை சார். நான் அடித்ததைச் சரியாகப் படித்திருக்கிறாள்.

சரி, கேள்விதான் தப்பு, அவள் போட்ட விடையாவது என்னவென்று பார்ப்போம் என்று விடைத்தாளை எடுத்தேன். தன்மைகாட்டி மைனஸ் நாலு என்று போட்டு, அதற்குக் கீழே ஒரு பக்கம் எழுதி, −2 + i என்று முடித்திருந்தாள். எனக்கு x-ஐ முகம் பார்த்துப் பழக்கம் உண்டு, பேசிப் பழக்கமில்லை. இந்த i யார் என்று சுத்தமாகத் தெரியாது. அப்போது காலேஜில் கணக்கு படிக்கும் வஜீஹா என்ற பெண் பிராஜக்டை ஸ்பைரல் போட வந்தது, அதனிடம் காட்டினேன். "அங்கிள், இது டென்த் பேப்பரா? டென்த்ல 'மெய் மூலங்கள் இல்லை'ன்னு எழுதிட்டு எழுந்து போயிடுவோம். மைனஸ் நம்பருக்கு வர்க்கமூலம் கிடையாதுல்ல? அதுக்காக கிடைக்கிறதா வச்சுக்கிட்ட நம்பர்தான் இந்த i. அத ட்வெல்த்துலதான் சொல்லித் தருவாங்க" என்றது. "அப்ப இது சரியா, தப்பா?" என்றேன். போட்டுக் காட்டுகிறேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் x இருந்த இடத்தில் எல்லாம் என் மகளின் விடையை வைத்தது. ஒரு மைனஸ் 4i வந்தது, எதிரே ஒரு ப்ளஸ் 4i வந்தது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போயின. மூன்று வந்தது, மைனஸ் எட்டு வந்தது, அஞ்சு வந்தது, கடைசியில் பூஜ்யம். "கரெக்ட் அங்கிள். கேள்வியில ப்ளஸ் இருந்தா இதான் ஆன்ஸர்" என்றது. பூஜ்யம் வந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பெண் ஸ்பைரலுக்குக் கொடுத்த காசைக் கூட வாங்கிப் போடாமல் நின்றிருக்கிறேன், அதுவே மேஜையில் வைத்துவிட்டுப் போனது.

கீர்த்திக்கு எப்படி இது தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். எட்டாவதிலிருந்து என் கடையில் பிழை திருத்துவது அவள்தான். இந்த i வருகிற பன்னிரண்டாம் வகுப்புக் கலப்பெண் தாள்கள் அத்தனையும் அவள் கை பட்டுத்தான் தங்களுக்கு வந்தன. நான் அடித்துத் தள்ளினேன், அவள் படித்து வைத்திருக்கிறாள். மற்ற பத்துப் பிள்ளைகள் கூட்டல் போட்ட கேள்விக்குக் கழித்தல் போட்ட விடையை எப்படி எழுதினார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஞானதிருஷ்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் தங்களிடம் நிமிர்ந்து சொல்வேன். இந்தப் பிழை வந்ததற்குக் காரணம் என் நேர்மை. வேறு எந்தத் தாளாக இருந்தாலும் கீர்த்தி பார்த்துப் பிடித்திருப்பாள். இது அவளே எழுதப்போகும் தேர்வு என்பதால் அவள் கண்ணில் காட்டவே இல்லை. மூன்று நாள் அவளைக் கடைப் பக்கமே விடவில்லை. தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊரில் எத்தனை தகப்பன் அப்படிச் செய்வான்? என் மடியில் கனமில்லை சார், கையில்தான் பிழை.

ஆகவே, நடந்தது முழுக்க என் தப்பு என்று இதன் மூலம் ஒப்புக்கொண்டு, அவளுடைய ஐந்து மதிப்பெண்ணைத் தயவுசெய்து அவளிடம் சேர்த்து, திங்கட்கிழமை வகுப்பில் ஒரு ஓரமாக இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கேள்வித்தாளை வேறு கடையில் கொடுப்பது என்று தாங்கள் முடிவெடுத்தால் வருத்தப்படுவேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். இந்த விஷயம் கீர்த்திக்குத் தெரிய வேண்டாம். தப்பாகப் படித்தது தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்பாவின் கை தவறாது என்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். முதலாவது பொய், அதைத் தாங்கள் எப்படியாவது தீர்த்து வையுங்கள். இரண்டாவதும் பொய்தான், அது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும். கடிதத்தைக் கையால் எழுதுவதும் அதற்காகத்தான், கம்ப்யூட்டரில் அடித்தால் அவள் பிழை திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் பேரக்குழந்தைகள் நூறு வயது வரை எந்தக் குறியும் மாறாமல் சௌக்கியமாக இருக்க மாம்பலத்து அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த
ஜவஹர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கீர்த்தி பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். நான் திரும்புவதற்குள் கடிதம் அவள் கையில் இருந்தது, சிவப்புப் பேனாவும் இருந்தது. "அது உனக்கில்ல, குடு" என்றேன். "என் பேருதானே முழுக்க இருக்கு" என்று சொல்லிவிட்டு நின்றபடியே கடைசி வரை படித்தாள். பிறகு, "மூலம் ஒண்ணுதான் எழுதியிருக்க. −2 − i-யும் எழுதுப்பா. இது ஒண்ணு வந்தா இன்னொண்ணும் கூடவே வரும், தனியா வராது" என்றாள். மேலே ஓரத்தில் சிவப்பில் இருப்பது அவள் சேர்த்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஹால்லயே. பக்கத்து பெஞ்சுல இங்கிலீஷ் பேப்பர். அதுல மைனஸ். நம்ம பசங்க எல்லாரும் அத எட்டிப் பாத்துதான் போட்டாங்க."

"நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்ப அதையே போட்டுத் தொலைக்கிறதுதானே?"

"அது அவங்க கேள்விப்பா. எனக்குக் குடுத்தது ப்ளஸ்தானே."

"கேள்வி தப்புன்னு சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இத அடிச்சது யாருன்னு கேப்பாரு. எல்லார் முன்னாடியும்."

ஆகவே சார், தாங்கள் விடைத்தாள் கொடுத்த அன்று வகுப்பில், "கண்ணாடி போடணுமாம்மா?" என்று கேட்டதற்கு, "ஸாரி சார், ப்ளஸ்னு படிச்சுட்டேன்" என்று அவள் சொன்னது தெரிந்தே சொன்னது. "பின்ன கூட்டத்துல எதுக்குடி கைதட்டின?" என்றேன். "தட்டினாத்தானே நீ உட்காருவ" என்றாள்.

பிறகு மறுபடி கடிதத்தைப் புரட்டி, என் நேர்மையைப் பற்றி நான் எழுதிய பத்தியின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். தாங்கள் பார்த்திருப்பீர்கள். "ஏன், அதுல இன்னா தப்பு?" என்றேன். "தப்புன்னு சொல்லல. நீளமா கீது" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மார்க்கும் கேக்காதப்பா. கேள்வி தப்புன்னு மட்டும் எழுது. மத்தத அவரே போட்டுப் பாப்பாரு, கணக்கு வாத்தியார்தானே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். பீரோ, பூட்டு, இடுப்புச் சாவி எதுவும் கிடையாது சார். மூன்று நாளும் அவள் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். தாள் முடிந்த அன்று அவள் வரும் நேரம் பார்த்து, ப்ரூஃபை மேஜை நடுவில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ குடித்து வருகிறேன் என்று கிளம்பினேன். நான் டீ குடிப்பதில்லை. டீக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது தாள் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஸ்டேப்ளர், பேனா மூடியிருந்தது. அவள் லேமினேஷன் மெஷின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைத் திருப்பிப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது. ஒரு தடவை கூடப் படிக்காமல் அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

"யாராவது வந்தாங்களா?" என்று மட்டும் அன்றைக்குக் கேட்டேன். "யாரும் வரலப்பா" என்றாள். உனக்காகத்தான் அதை அங்கே விரித்து வைத்தேன் என்று அப்போதும் நான் சொல்லவில்லை, சற்று முன்பு அவள் கோடு இழுத்தபோதும் சொல்லவில்லை.