மைத்துனன் அச்சடித்த எட்டு இடங்கள்

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். நீ நலமாகவே இருப்பாய். ஊராரை மலையேற அனுப்பிவிட்டுச் சுற்றுலா அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறைச்சல்?

எங்கள் சம்பந்தி ஆறு வருடமாக, "உங்க ஊர்ல பார்க்க என்னங்க இருக்கு? ரயில் நின்னா தண்ணி பிடிச்சுக்கலாம், அவ்வளவுதான்" என்று சொல்லிவருவது உனக்கே தெரியும். இந்த முறை அவர் மனைவியோடு வந்திறங்கியதும், அந்த வாயை அடைக்க, 'ஒரே நாளில் எட்டு இடங்கள்' என்று நீ எழுதிய கையேட்டை நம்பி, உன் அக்காளையும் கூட்டிக்கொண்டு நால்வருமாகக் கிளம்பினோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் குன்று. 'முதியோருக்கும் ஏற்ற ஒன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை'யாம். நான் முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவனடா! காலடி எண்ணினேன், நாலரை வந்தது. உச்சியில் நீ எழுதியிருந்த பெஞ்சில் ஓர் ஆடு இளைப்பாறிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் அதை விரட்டப் போக, அது அவர் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைப் பிடுங்கி, எங்கள் கண்ணெதிரே ஆற அமர மென்று தின்றது. அடுத்து, பறவை பார்க்கும் கோபுரம். நாற்பது நிமிடம் கழுத்து வலிக்கப் பார்த்ததில் ஒரே ஒரு காக்கா. "இதை எங்க மொட்டை மாடியிலேயே பார்ப்பேனே" என்றார் சம்பந்தி. பிறகு ஏரி. பெண்கள் கரையில் உட்கார, நானும் அவரும் மிதிபடகில் ஏறினோம். நடு ஏரியில் படகைத் திருப்புகிற கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் செக்குமாடு மாதிரி ஒரே சுற்று!

"பெரியவரே, அரை மணி முடிஞ்சுபோச்சு, வாங்க!" என்று கரையிலிருந்து கத்தினான் படகுக்காரன்.

"வர முடிஞ்சா வரமாட்டோமா? கைப்பிடி கழண்டுடுச்சுய்யா!"

"நீங்க ஏறும்போது சரியாத்தான் இருந்துச்சு!"

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். வீடு வந்து சேரும்வரை சம்பந்தி வாய் திறக்கவில்லை. என் மகள் வாழப்போன வீட்டுக்காரர் முன்னால் என் மானம் ஏரியோடு போயிற்று. உடனே அந்தக் கையேட்டைத் திரும்பப் பெற்று, சம்பந்திக்கு மன்னிப்புக் கடிதம் எழுது. அதுவரை இந்த வாசற்படி மிதிக்காதே.

உன் மனைவிக்கு முழங்கால் வலி தேவலையா? குழந்தைகள் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க சம்பந்தி. நான் சிரிச்சா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் வாயை இறுக்கி மூடிட்டு வந்தேன். இப்படி ஒரு நாள் எனக்கு வாய்ச்சு எத்தனை வருஷமாச்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்ப எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. மீதி ஐந்து இடங்களையும் பார்க்காமல் போகமாட்டாராம். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீயே புறப்பட்டு வா. படகில் மூன்று பேர் உட்காரலாமாம். நீதான் மிதிக்க வேண்டும்.